கார் டீடெய்லிங் கடைக்கு முதல் செட் கருவிகள்: எதற்குப் பணம் போடலாம், எதைத் தள்ளிப் போடலாம்

கார் டீடெய்லிங், அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்கும் தொழில், தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் விலை விசாரிப்பது பெயிண்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங் பாட்டிலைத்தான். ஆனால் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் நிலைக்குமா என்பதைத் தண்ணீரும், ஷெட்டுக்குள் இருக்கும் வெளிச்சமும், ஒரு வண்டி உங்கள் இடத்தை எத்தனை மணி நேரம் பிடித்துக்கொள்கிறது என்பதும்தான் முடிவு செய்கின்றன. கடைகளில் ‘ஸ்டார்ட்டர் கிட்’ என்று ஒரே பட்டியலாக விற்கப்படும் கருவிகளை அந்தக் கண்ணோடு இங்கே பார்க்கலாம்.

தண்ணீர்

எந்தப் பட்டியலிலும் இல்லாத, ஆனால் முதலில் வாங்க வேண்டிய கருவி ஒரு டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். பேனா அளவுதான், விலையும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வாடகைக்கு இடம் பார்க்கப் போகும்போதே அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். சென்னையில் கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் 1,000ஐத் தாண்டுவது சாதாரணம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 500 வரை ஏற்கிறது, வேறு வழியே இல்லாத இடங்களில் 2,000 வரை அனுமதிக்கிறது. குடிப்பதற்கு 500 சரி. கறுப்பு காரின் பானெட்டில் அதே தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு விழும். சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் அவை. அன்றே துடைத்தால் போய்விடும். சில வெயில் பார்த்துவிட்டால் பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை அரித்துக் குழியாக்கிவிடும், பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் கழுவிக் கொடுத்த வண்டியில் நீங்களே உண்டாக்கிய கறை என்றால் அதற்குக் காசு கேட்க முடியாது.

இதற்குச் சாஃப்ட்னர் மட்டும் போதாது. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. டிடிஎஸ் குறையாது, திட்டும் விழும், துடைக்கச் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். நடைமுறையில் ஒத்துவரும் ஏற்பாடு இது: கழுவுவது போர் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் ஆர்ஓ தண்ணீரில். கடைசி அலசலுக்கு ஒரு காருக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். மணிக்கு 25 லிட்டர் தரும் சிறிய ஆர்ஓ எட்டு மணி நேரம் ஓடினால் 200 லிட்டர், பத்து வண்டிக்குக் கணக்கு சரியாகிவிடும். வெளியேறும் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல் என்பதால் அதைத் தரை கழுவ மட்டும் வையுங்கள். போர் தண்ணீர் கோடையில் ஒரு மாதிரி, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு மாதிரி இருக்கும். மே மாதமும் டிசம்பரும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

கழிவுநீருக்கு மண் படியும் தொட்டியும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் இல்லாத ஷெட்டை எடுக்காதீர்கள். உள்ளாட்சியின் தொழில் உரிமம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், மின்வாரியத்தின் வணிக இணைப்பு ஆகிய மூன்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

பிரஷர் வாஷர்

ஆன்லைனில் அதிகம் விற்பது கர்ச்சர் கே2 வகை மெஷின்கள்: அதிகபட்ச அழுத்தம் 110 பார், மணிக்கு 360 லிட்டர் தண்ணீர். வீட்டில் வாரம் ஒருமுறை ஒரு காரைக் கழுவ அருமையான கருவி. கடைக்கு ஆகாது. மெஷின் மோசம் என்பதால் அல்ல, அது வீட்டு உபயோகத்துக்கென்றே செய்யப்பட்டது, கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. கார்பன் பிரஷ் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் சூடேறும், பிரஷ் தேயும். உப்புத் தண்ணீர் பம்ப் வால்வில் படிந்து அழுத்தம் விட்டு விட்டு வர ஆரம்பிக்கும். நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகை மெஷின்களுக்கு உள்ளே வரும் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மொட்டை மாடியில் கறுப்பு டேங்க், சித்திரை வெயில், மதியம் இரண்டு மணி: குழாயில் வரும் முதல் தண்ணீர் கையையே சுடும். பம்ப் சீல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். டேங்குக்கு நிழல் போடுங்கள், அல்லது தரைத் தொட்டியில் இருந்து எடுங்கள். தொட்டியிலிருந்து இழுக்கும்போது ஹோஸில் காற்று புகுந்தாலும் அழுத்தம் துடிக்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைப்பதற்கு முன் ஹோஸ் இணைப்பையும் ஃபில்டரையும் பாருங்கள்.

கடைக்கு வேண்டியது இண்டக்‌ஷன் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது), பித்தளை பம்ப் ஹெட். அழுத்தம் 100 முதல் 120 பார் இருந்தால் போதும், மணிக்கு 500 லிட்டருக்கு மேல் பாய்ச்சல் வேண்டும். அழுக்கை நகர்த்துவது பாய்ச்சல். அழுத்தத்தை மட்டும் கூட்டினால் ரீபெயிண்ட் ஆன பம்பர் ஓரத்தில் பெயிண்ட் உரியும். நாசிலை ஒரு அடிக்குக் குறைவாக நெருக்காதீர்கள். பாய்ச்சல் குறைந்த மெஷினில் நுரை தண்ணியாக வந்தால், நுரை அடிக்கும் ஃபோம் கேனனுக்குள் இருக்கும் துளையை 1.1 மி.மீ. ஆக மாற்றிப் பாருங்கள். ஷாம்புவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம்.

வாட்டர் வாஷ் கடைகளில் அடியில் டீசல் அடிக்கும் வழக்கத்தை டீடெய்லிங் கடைக்குக் கொண்டுவரவே கூடாது. ரப்பர் புஷ்களை அது ஊதிப்போக வைக்கும், தூசியும் ஒட்டும். அலாய் வீலுக்கு ஆசிட்டும் அப்படியே. பிரேக் தூசிக்கு இரும்புத் துகளைக் கரைக்கும் அயன் ரிமூவர் அடியுங்கள், ஊதா நிறமாக வழியும், காய்வதற்கு முன் அலசிவிடுங்கள்.

பாலிஷிங் மெஷின்

பணத்தைத் தாராளமாகப் போட வேண்டிய இடம் இது. டிங்கரிங் பட்டறைகளில் இருப்பது ரோட்டரி. பேட் (பாலிஷ் போடும் ஸ்பாஞ்சு வட்டு) ஒரே அச்சில் சுற்றும், பெயிண்டின் மேல்பரப்பை வேகமாக வெட்டும், வேகமாகவே சூடேறும். பழகாத கையில் அது விளிம்பில் பெயிண்டைத் தின்னும். பழகிய கையிலும் வெயிலில் பார்த்தால் ஹோலோகிராம் வட்டங்கள் விட்டுவிட்டுப் போகும். புதிதாகத் தொடங்குபவர் வாங்க வேண்டியது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ. இதில் பேட் சுற்றிக்கொண்டே அச்சிலிருந்து விலகியும் ஆடும்.

இதில் அளவுகோலாக வைத்துக்கொள்ளக்கூடியது இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தின் பிக்ஃபுட் எல்ஹெச்ஆர்15: பேட் ஆடும் வட்டம் 15 மி.மீ., 500 வாட், பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட் 5 அங்குலம். எட்டு மணி நேரம் பிடித்திருந்தாலும் கை மரத்துப்போகாத சமநிலைதான் இதன் பெருமை. விலை அதிகம். விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும் 15 மி.மீ. மெஷின்களிலும் வேலை நடக்கும், ஆனால் எங்கே பிசகும் என்று தெரிந்து வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் எதிர் எடை ஒரு குறிப்பிட்ட பேட் எடைக்குச் சமன் செய்யப்பட்டது. அதைவிடக் கனமான பேடை மாட்டினால் அதிர்வு கூடும், இரண்டாவது காரில் மணிக்கட்டு வலிக்கும். பேக்கிங் பிளேட்டின் வெல்க்ரோ சூட்டில் உருகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட் பறக்கும். கூடவே இரண்டு பேக்கிங் பிளேட்டும் ஒரு ஜோடி கார்பன் பிரஷும் வாங்கி வைத்துக்கொண்டால் அந்த விலைக்கு நியாயமான கருவிதான். பிரஷ் கிடைக்காத பிராண்ட் என்றால் தொடவே வேண்டாம்.

டிஏவின் பலவீனம் வளைவு. ஸ்விஃப்ட் மாதிரி உருண்டையான வண்டியின் பின்பக்கத்தில் பேட் ஓர் ஓரமாக அழுந்தியதும் சுழற்சி நின்று வெறும் நடுக்கம் மட்டும் இருக்கும். வெட்டு பூஜ்யம். பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் வேலை நடக்கிறது, நின்றுவிட்டால் கோணத்தை மாற்ற வேண்டும். தூண்களுக்கும் பம்பர் மடிப்புகளுக்கும் 3 அங்குல மெஷின் தனியாக வேண்டும். முதல் மாதமே இல்லாவிட்டாலும் மூன்றாவது மாதத்திற்குள் அது தேவைப்படும்.

மெஷினைவிட அதிகம் பிழை நடப்பது பேடில். ஒரு கார் முழுக்க ஒரே பேட் என்பது தப்புக் கணக்கு. ஒரு செடானுக்குக் கீறலை எடுக்கும் கட்டிங் பேட் நான்கு, பளபளப்பு தரும் ஃபினிஷிங் பேட் மூன்று கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் பிரஷாலோ காற்றாலோ பேடைச் சுத்தம் செய்யாவிட்டால், கழன்ற பெயிண்டும் காய்ந்த காம்பவுண்டும் (பேடில் வைத்துத் தேய்க்கும் பசை) சேர்ந்து புதிய கீறலைப் போடும். அளவு: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிப் பகுதி, நான்கைந்து சொட்டு காம்பவுண்ட், வேகம் 4 அல்லது 5, நொடிக்கு ஓர் அங்குலம் நகரும் மெதுவான கை, நான்கு முதல் ஆறு முறை குறுக்கும் நெடுக்கும். பிறகு ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் எண்ணெய் கீறலை மறைத்துக் காட்டும், வாடிக்கையாளர் மூன்றாவது வாஷில் கண்டுபிடிப்பார்.

காம்பவுண்டில் மெகுவையர்ஸ் எம்105 வெட்டு நன்றாக இருக்கும், ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்து தூள் பறக்கும். ஏசி இல்லாத ஷெட்டுக்கு மென்சர்னா 400 கொஞ்சம் கூடுதல் நேரம் ஈரமாக நின்று வேலை செய்கிறது. முடிப்பதற்கு மென்சர்னா 3800 அல்லது எம்205 போதும். நான்கு பிராண்டில் பத்துப் பாட்டில் வாங்குவதற்குப் பதில் ஒரே பிராண்டில் இரண்டு பாட்டில் வாங்கிக் கையைப் பழக்குங்கள். எந்த வண்டியிலும் முதலில் பானெட்டில் ஒரு சிறு சதுரத்தில் மென்மையான பேட், லேசான பாலிஷ் என்று தொடங்கிப் பார்க்க வேண்டும். அதிலேயே கீறல் போய்விட்டால் மேலே போகத் தேவையில்லை.

பெயிண்ட் கேஜும் வெளிச்சமும்

பெயிண்ட் தடிமன் பார்க்கும் கேஜ் இல்லாமல் பாலிஷ் ஆர்டர் எடுக்காதீர்கள். கம்பெனி பெயிண்ட் மொத்தமாகப் பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 35 முதல் 50 மட்டுமே. 200க்கு மேல் காட்டினால் அந்தப் பேனல் மறுபடி பெயிண்ட் ஆகியிருக்கிறது. 80க்குக் கீழே என்றால் ஏற்கனவே யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள், அங்கே கட்டிங் வேண்டாம். கேஜ் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலையே செய்யாது. ஒரு பேனலுக்கு ஐந்து இடம் அளந்து, வண்டியை உள்ளே எடுக்கும்போதே ஜாப் கார்டில் எழுதிப் போட்டோவோடு வாடிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து வரும் சண்டைகளில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

வெளிச்சத்துக்கு மேலே மட்டும் டியூப் லைட் போடுவது வழக்கம். கதவுப் பக்கம் நிழலாகவே இருக்கும். இரு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்திலும் தோள் உயரத்திலும் எல்இடி பட்டை போடுங்கள். கையில் பிடிக்கும் குவிந்த ஒளி டார்ச் ஒன்று வேண்டும். ஸ்விர்ல் எனும் மெல்லிய வட்டக் கீறல்களைக் காட்டுவது அதுதான்.

இன்டீரியர் கருவிகள்

உண்மையில் வாடகையைக் கட்டித் தருவது இந்தப் பகுதி. குழந்தை வாந்தி எடுத்த சீட், காபி கொட்டிய கார்பெட், மழையில் நாறும் ஏசி, விற்பனைக்கு முன் செகண்ட் ஹேண்ட் டீலர் கொண்டுவரும் வண்டி: வேலை ஓயாது. வீட்டு வாக்குவம் கிளீனர் போதாது. தண்ணீரைத் தெளித்து உடனே உறிஞ்சும் ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் வேண்டும். கர்ச்சர் பஸ்ஸி 10/1 இந்த வகையில் நம்பகமானது, பத்து லிட்டர் டேங்க் ஒரு காருக்குத் தாராளம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு அதிக ஈரம். துணி சீட்டை ஷாம்புவில் ஊறவைத்து, உறிஞ்சாமல் வெயிலில் காய விட்டால் மேலே காய்ந்துவிடும். ஸ்பாஞ்சுக்குள் ஈரம் நின்று மூன்றாம் நாள் நாற்றம் கிளம்பும், ஐப்பசி மழையில் இன்னும் மோசம். ஒருமுறை தெளித்தால் மூன்று முறை வெறுமனே உறிஞ்ச வேண்டும். பிறகு ஊதுகாற்று, கடைசியில் ஏசியை ஹீட்டர் பக்கம் வைத்து அரை மணி நேரம். ஆல் பர்ப்பஸ் கிளீனரை உள்ளே ஒன்றுக்குப் பத்துக்கு மேல் அடர்த்தியாகக் கலக்க வேண்டாம். மேற்கூரைத் துணியை நனைக்கவே கூடாது, பசை விட்டுத் தொங்கிவிடும். மைக்ரோஃபைபரில் தெளித்து ஒற்றி எடுங்கள். சீட்டுக்கு அடியில் தெரியும் மஞ்சள் நிற கனெக்டர் ஏர்பேக் வயர். அதை நனைப்பதும் ஆபத்து, இழுப்பதும் ஆபத்து. ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் பளபளப்பு திரவம் எதுவும் படக்கூடாது.

வெள்ளம் புகுந்த வண்டியைச் சாதாரண இன்டீரியர் விலைக்கு எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கியது போன்ற வண்டிகளில் சீட்டையும் கார்பெட்டையும் முழுதாகக் கழற்றாமல் செய்யும் எந்தச் சுத்தமும் சுத்தமல்ல. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும், வயரிங் கனெக்டர் பச்சை பூக்கும்.

வெளிப்புறக் கறைகளில் நம் ஊருக்கென்று மூன்று உண்டு. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் கூரையிலிருந்து சொட்டும் சிமென்ட் நீர் சுண்ணாம்பாக உறையும். அதைச் சுரண்டாமல் லேசான அமில வாட்டர் ஸ்பாட் ரிமூவரில் துணியை நனைத்துச் சில நிமிடம் போர்த்தி, பிறகு அலச வேண்டும். பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் காய்ந்திருந்தால் தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவ வேண்டும், உலர்ந்தபடி துடைத்தால் மணல் போலக் கீறும். மஞ்சள் கறை முழுவதும் போகவில்லை என்றால் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள், வெயிலில் நின்றால் தானாகவே வெளிறும். ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாளும் வாஷுக்கு வரிசை நிற்கும். அந்த நாட்களில் பாலிஷ் ஆர்டர் எதையும் உள்ளே நிறுத்தி வைக்காதீர்கள்.

செராமிக் கோட்டிங், பிபிஎஃப்

பாட்டிலில் போட்டிருக்கும் ‘9எச்’ என்பது பென்சிலால் கீறிப் பார்த்து அளக்கும் கடினத்தன்மை. கல் பட்டால் தாங்கும், சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி விற்றால் அது பொய். அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவச் சுலபம், பளபளப்பு நீடிக்கும். இவ்வளவு சொல்லி விற்கலாம். ஒரு செடானுக்கு 20 முதல் 30 மில்லி ஆகும். இரண்டடி சதுரமாகப் பூசி, வானவில் நிறம் தெரிந்ததும் ஒரு துணியால் சமன் செய்து, இரண்டாவது துணியால் துடைக்க வேண்டும். ஈரப்பதத்தில் இறுகும் பொருள் என்பதால் கடலோர ஊர்களில் பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே இறுகிவிடும். தவறவிட்ட இடம் கறுப்புத் திட்டாக நிற்கும், மறுநாள் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். பூசிய பிறகு ஒரு நாளாவது நனையக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது.

இப்போது கணக்கு. கீழே இருப்பவை புரிவதற்காக எடுத்துக்கொண்ட தொகைகள், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை 20,000, இரண்டு ஆள் சம்பளம் 36,000, மின்சாரம், தண்ணீர் 9,000 என்றால் மாதம் 65,000. மாதத்தில் 26 நாள் வேலை என்றால் கதவைத் திறந்தாலே ஒரு நாளைக்கு 2,500 செலவு. முழு இன்டீரியரும் வாஷும் 2,500 ரூபாய், பொருள் செலவு 350 என்றால் கையில் 2,150. மாதம் 31 வண்டி வந்தால்தான் முதலாளிக்குச் சம்பளம் இல்லாமலே கடை சமமாக நிற்கும். செராமிக்கை 15,000க்கு எடுக்கிறீர்கள், பாட்டிலும் பேடும் துணியும் 3,000, வண்டி மூன்று நாள் இடத்தைப் பிடிக்கிறது, அதற்கு 7,500. மிச்சம் 4,500. அதே மூன்று நாளில் நாளுக்கு இரண்டாக ஆறு இன்டீரியர் செய்தால் 12,900, செலவு போக 5,400. அதில் மூன்று வருட வாரண்டி, இலவச மெயின்டனன்ஸ் வாஷ் என்ற கடன் எதுவும் இல்லை. ஆறு வண்டி வராத ஊரில் இந்தக் கணக்கு மாறும், அப்போது செராமிக் காலி நாளை நிரப்பும். ஆனால் செராமிக்கை நம்பியே கடை திறக்க வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், 18 சதவீதம் சேரும். விலைப் பட்டியல் போடும்போதே அதை மனதில் வையுங்கள்.

பிரான்சைஸ் கிட் விற்கிறவர்களிடம் மூன்று கேள்வி போதும். வாரண்டியில் வண்டி திரும்பி வந்தால் கூலி யார் தருவது? பாட்டில்களின் காலாவதித் தேதி என்ன? இதே பெயரை அடுத்த தெருவில் இன்னொருவருக்குக் கொடுப்பீர்களா? எழுத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷினில் போடுங்கள். பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்க வண்டி மேல் ஒட்டும் பிலிம், வேறு தொழில். ஒரு ரோலே 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம், ஒரு வெட்டு தப்பினால் அந்தத் துண்டு வீண். தேர்ந்த ஆள் சம்பளத்துக்குக் கிடைக்கும் வரை அதைத் தொட வேண்டாம்.

வாங்கும் வரிசை

டிடிஎஸ் மீட்டர், கடைக்கேற்ற பிரஷர் வாஷர், ஆர்ஓ, இரண்டு பக்கெட், 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 400 கிராம்) மைக்ரோஃபைபர் துணி ஐம்பது, எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின். இவ்வளவில் கடையைத் திறந்துவிடலாம். டிஏ மெஷின், கேஜ், விளக்குகள் இரண்டாம் கட்டம். துணியில் சிக்கனம் பார்க்காதீர்கள்: தரையில் விழுந்த துணி பெயிண்டுக்குத் திரும்பக் கூடாது, துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதுவும் சேர்க்கக் கூடாது.

இரண்டாம் கட்டத்துக்குப் போகும் முன் சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து ஒரு கறுப்பு பானெட் வாங்குங்கள். கேஜால் கட்டம் கட்டமாக அளந்து எழுதிக்கொண்டு, ஒரு கட்டத்தில் ஒரு சுற்று, அடுத்ததில் மூன்று, அடுத்ததில் ஆறு என்று தேய்த்து, ஒவ்வொரு முறையும் எத்தனை மைக்ரான் போகிறது என்று பாருங்கள். ஒரு விளிம்பில் டேப் ஒட்டாமல் வேண்டுமென்றே தேய்த்து, நிறம் பேடில் வரும் வரை விடாதீர்கள். வெளிர்ந்த கிளியர் கோட் எப்படி இருக்கும், பேடின் சத்தம் எப்போது மாறுகிறது என்று கைக்குத் தெரிந்த பிறகு வாடிக்கையாளர் வண்டியில் மெஷினை வைக்கலாம்.